ராவுத்தர்: ஒரு பெயரின் வேரும் நமது பொறுப்பும்



2022ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் சுற்றுலா மற்றும் வருகை விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் நுழைய இயலாது என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் அது தளர்த்தப்பட்டது. எனினும், அந்தச் சில நாட்களில் நம் சமுதாயத்துப் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுந்தது: நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டா?

பாட்டனாரின் பத்திரங்களையும் பழைய நிகாஹ் பதிவேடுகளையும் புரட்டியவர்களுள் பலருக்கு அங்கே ஒரு சொல் கிடைத்தது. ராவுத்தர் என்பதே அச்சொல். தந்தையின் பெயரில் அது இல்லை. பிள்ளையின் பெயரிலும் இல்லை. வெள்ளிமலையில் நாம் நடத்தும் மாலை நேர மக்தபிலும் ஒரு மாணவன் இதையே கேட்டான்: “ஹஜ்ரத், அத்தாவுடைய அத்தா பெயரில் ராவுத்தர் என்று இருக்கிறது. அத்தா பெயரில் இல்லையே, ஏன்?” சிறுவனின் கேள்விதான், ஆனால் அதற்கு விடை கூற வரலாறும் வேண்டும், மார்க்கமும் வேண்டும். அவ்விரண்டையும் சேர்த்து இங்கே எழுத முற்படுகிறோம்.

சொல்லின் வேர்

‘இராவுத்தன்’ என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் குதிரை வீரன் என்று பொருள் தருகின்றன. இதன் வேர் சமஸ்கிருதத்தின் ‘ராஜபுத்ர’ என்பதாகும். பிராகிருத மொழிகளின் வழியே தேய்ந்து வந்த இச்சொல் தெலுங்கில் ‘ரௌத்து’ என்றும், கன்னடத்தில் ‘ராவுத’ என்றும், தமிழில் ‘இராவுத்தன்’ என்றும் நின்றது. மராட்டியரிடையே ‘ராவுத்’ என்றும், ஒடியா மக்களிடையே ‘ரௌத்’ என்றும், உத்தராகண்ட் பகுதியில் ‘ராவத்’ என்றும் வழங்கும் குடும்பப் பெயர்கள் யாவும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே. ‘ராஜபுத்’ என்ற பெயரும் அவ்வாறே. ஆக, உத்தமபாளையத்து முஸ்லிம் ஒருவரும் இமயமலை அடிவாரத்து இந்து ஒருவரும் ஒரே சொல்லின் இரு உருவங்களைத் தம் பெயரில் தாங்கி நிற்கின்றனர்.

இச்சொல் தொடக்கத்தில் எந்த மதத்தையும் குறிக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர், மயில்மீது ஏறி வரும் முருகனை ‘ராவுத்தன்’ என்று அழைக்கிறார். அக்காலத் தமிழ்ச் செவிக்கு இச்சொல் ஏறி ஊர்ந்து வரும் வீரன் என்றே பொருள் தந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பின்னர் அது முஸ்லிம்களுக்குரிய பட்டமாக மாறியதன் காரணத்தைக் குதிரையைக் கொண்டே விளக்கிவிடலாம். தமிழ்நாட்டின் தட்பவெப்பம் நல்ல போர்க்குதிரைகளை வளர்ப்பதற்கு ஏற்றதன்று. அவை அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கடல் வழியே வந்தன. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகம் இவ்வணிகத்தின் வாயிலாக விளங்கியது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்று குறித்துள்ளார். பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இன்மையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். குதிரையைக் கொணர்ந்தவர்களும், அதைப் பழக்கத் தெரிந்தவர்களும், அதன்மீது அமர்ந்து போரிடத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்களாக இருந்தனர். விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் 15ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் குதிரை வீரர்களைத் தம் படையில் சேர்த்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. இவ்வாறு, தொழிலைக் குறித்த சொல் அத்தொழிலில் மிகுதியாக இருந்த மக்களைக் குறிக்கத் தொடங்கிற்று.

நம் வட்டாரத்திலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. செஞ்சிப் பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் ‘முத்தால் ராவுத்தர்’ என்ற முஸ்லிம் வீரர் ஒருவர் காவல் தெய்வமாக வைக்கப்பட்டிருப்பதை, அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவ்வழிபாட்டுக்கும் நமது ஈமானுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும், இப்பகுதி மக்களின் நினைவில் ‘ராவுத்தர்’ என்றால் நம்பத்தகுந்த காவல் வீரர் என்ற பொருள் பதிந்திருந்தது என்பதற்கு அது ஒரு வரலாற்றுச் சான்றாகும். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து வீழ்ந்த செஞ்சி தேசிங்கு ராஜாவின் கதையில், அவருடைய உயிர்த்தோழராக வரும் மோவுத்துக்காரரும் ஒரு முஸ்லிமே.

ராவுத்தர்கள் அனைவரும் துருக்கியிலிருந்து வந்தவர்கள் என்று சிலர் பெருமையாகக் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். வெளியிலிருந்து வந்த வீரர்களும் வணிகர்களும் சிலருடைய முன்னோராக இருந்திருக்கலாம். ஆனால் இச்சொல்லை அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. சொல் இந்த மண்ணினது. மரக்காயர் என்ற பட்டம் கடல் தொழிலோடும், லெப்பை என்ற பட்டம் பல ஊர்களில் மார்க்கப் பணியோடும் சேர்ந்து வழங்குவதைப் போல, ராவுத்தர் என்பதும் ஒரு தொழிலின் அடையாளமே ஆகும். அது இரத்தத்தின் அடையாளமன்று.

எத்தனை பேர்?

உலகில் எந்தக் குடும்பப் பெயரை எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்று பட்டியலிடும் இணையதளங்களில் ராவுத்தர் என்பது அரிய பெயர்களுள் ஒன்றாகவே தென்படும். அந்த எண்ணிக்கையை வைத்துப் பெருமிதமோ கவலையோ கொள்வதற்கு முன், எண்ணும் முறையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அத்தகைய கணக்குகள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்கின்றன. நம்மவர் பெயரிலோ கடைசிச் சொல் அவரவரின் சொந்தப் பெயராகவே இருக்கும். தந்தையின் பெயர் முன்னே ஓர் எழுத்தாகச் சுருங்கி நிற்கும். போதாக்குறைக்கு, ராவுத்தர் என்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். ஒரே தந்தையின் இரு பிள்ளைகள் இரு வேறு எழுத்துக்கூட்டலில் பதிவாகி, கணக்கில் இரு வேறு பெயராகிவிடுவதும் உண்டு.

ஆகவே, அரிதானது அப்பெயரைத் தாளில் எழுதும் வழக்கமே. அம்மக்கள் அரிதானவர்கள் அல்லர். தேனி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் அவர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். கேரளத்தின் பத்தனம்திட்டா, பாலக்காடு பகுதிகளிலும் உள்ளனர். அங்கே இப்பட்டத்தை இன்றும் பெயரோடு சேர்த்து எழுதுவோர் தமிழ்நாட்டைவிட அதிகம்.

தமிழ்நாட்டில் இது மறைந்த விதத்தை ஒரே குடும்பத்தில் காணலாம். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் (ரஹ்) அவர்கள் 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். அவர்களுடைய தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். மகனுடைய பெயரிலோ தந்தையின் முதலெழுத்து மட்டுமே நின்றது, பட்டம் நின்றுவிட்டது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடுமாறு தீர்மானித்தது. அதன்பின் தமிழ்நாட்டில் பட்டமின்றி எழுதுவதே நாகரிகம் என்றாயிற்று. அந்தக் காற்று நம் வீடுகளிலும் வீசியது. இன்று பொதுமக்கள் இப்பெயரை உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் பெயரிலும், திரைப்படத் தயாரிப்பாளராக இருந்து 2015இல் மறைந்த இப்ராஹிம் ராவுத்தரின் பெயரிலும்தான் பெரும்பாலும் கேட்டிருப்பார்கள்.

அரசுப் பதிவேட்டிலும் இப்பெயர் தனித்து நிற்பதில்லை. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்கள் பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன. அவற்றுள் ‘லெப்பை’ என்ற பிரிவுக்குள்தான் ராவுத்தரும் மரக்காயரும் அடக்கம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் அந்தத் தலைப்பிலேயே கிடைக்கும். பாட்டனார் பத்திரத்தில் ராவுத்தர், பேரனின் சான்றிதழில் லெப்பை! இதைக் கண்டு தம் வமிசத்தை யாரோ மாற்றிவிட்டதாகக் கலங்கும் பெற்றோர் உண்டு. கலங்க வேண்டியதில்லை, பட்டியலின் அமைப்பே அப்படி.

மலை கற்பிக்கும் பாடம்

வெள்ளிமலையில் வாழும் நாம், பெயர்களின் இத்தகைய விளையாட்டை அண்டை வீட்டாரிடமும் காண்கிறோம். கல்வராயன் மலையின் பழங்குடி மக்கள் ‘மலையாளி’ என்று அழைக்கப்படுகின்றனர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். அவர்களுடைய மரபுக் கதைகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறுகின்றன. பெயரை மட்டும் கேட்ட வெளியூரார் அவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடுகின்றனர்.

அவர்கள் தம் பெயரோடு சேர்க்கும் ‘கவுண்டர்’ என்ற பட்டத்தைக் கொங்கு நாட்டு வேளாளரும் வேறு பல சமூகத்தாரும் சூடுகின்றனர். ஒரே பட்டத்தைத் தாங்குவதால் அவர்கள் ஒரே குலத்தவர் ஆகிவிடவில்லை. இம்மலை 1976இல் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வரும்வரை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக இருந்தது. ‘ஜாகீர்’ என்பது பாரசீகச் சொல். சமஸ்கிருத வேருடைய பட்டத்தை முஸ்லிம்கள் தாங்கினர். பாரசீக வேருடைய சொல்லை மலைக் கவுண்டர்கள் தாங்கினர். சொல்லை வைத்து இரத்தத்தைக் கணிப்பது எத்துணை பேதைமை என்பதை இம்மலையே நமக்கு எடுத்துரைக்கிறது.

அதே வேளையில், பெயர் வெறும் காற்றும் அன்று. பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் குறிப்பிட்ட சில மாவட்டங்களோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. பழைய தென்னாற்காடு மாவட்டம் அதில் இருப்பதால் இங்குள்ளோருக்கு அச்சான்றிதழ் கிடைக்கிறது. ஈரோடு மாவட்டம் அதில் இல்லாமையால் பர்கூர் மலையில் வாழும் அதே பெயருடைய மக்கள் நீண்ட காலமாகக் கோரிக்கை வைத்து வருகின்றனர். ஒரு பெயர் தாளில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையையே தீர்மானிக்கக்கூடும்.

நமக்கும் இது பொருந்தும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, 2002-2005 காலத்துப் பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் பட்டத்தோடும் மற்றோரிடத்தில் பட்டமின்றியும் எழுதப்பட்ட பெயர்கள் ஒருவருடையவையே என்று காட்ட வேண்டிய நிலை யாருக்கும் வரலாம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் சாதிவாரிக் கணக்கெடுப்போடு நடைபெறும் என்று ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. நம் வாசலுக்கு வந்து கேட்கும்போது, நாம் யார் என்பதைத் தெளிவாகச் சொல்ல நமக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

மார்க்கம் வகுக்கும் எல்லை

இவ்வளவு தூரம் வந்தபின், மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நபித்தோழர் ஸைது (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் வளர்த்த காரணத்தால் மக்கள் ‘முஹம்மதின் மகன் ஸைது’ என்று அழைத்து வந்தனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையரின் பெயரால் அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் அருளப்பட்டபின், அவர் மீண்டும் ‘ஹாரிஸாவின் மகன் ஸைது’ ஆனார். உலகின் மிக உயர்ந்த பெயரோடு சேர்ந்திருப்பதைவிட, உண்மையான தந்தையின் பெயரோடு இருப்பதே நீதி என்று இறைவன் கற்பித்தான். அந்த அடிப்படையில், தந்தையின் முதலெழுத்தைத் தாங்கும் நமது தமிழ் வழக்கம் மார்க்கத்துக்கு இசைவானதே. பட்டம் இல்லாமையால் நம் பெயரில் குறை ஏதும் இல்லை.

பட்டம் இருப்பதும் குற்றமன்று. பிலால் ஹபஷி (ரலி), ஸல்மான் ஃபார்ஸி (ரலி), ஸுஹைபு ரூமி (ரலி) ஆகியோர் தாமோ தம் முன்னோரோ வாழ்ந்த நாட்டின் பெயரைத் தாங்கினர். பெரும் ஃபிக்ஹு அறிஞர்களுள் அல்கஸ்ஸாஃப் என்பது செருப்புத் தைப்பவரையும், அல்கஃப்பால் என்பது பூட்டுச் செய்பவரையும், அல்ஜஸ்ஸாஸ் என்பது சுண்ணாம்பு வேலை செய்பவரையும் குறிக்கும் பெயர்கள். செருப்புத் தைக்கும் தொழிலின் பெயரைத் தாங்கி இமாமாக விளங்க முடிந்த சமுதாயம் அது. அங்கே பெயர் ஒருவரை இன்னாரென்று அறிய உதவியது. அவரைத் தாழ்த்த உதவவில்லை. மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், மேன்மை இறையச்சத்தில்தான் உள்ளது என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துவதும் இதையே. உறவைப் பேணுவதற்கு வேண்டிய அளவு வமிசத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முன்னோரைச் சொல்லிப் பெருமையடிப்பதையும் பிறர் வமிசத்தைக் குறை கூறுவதையும் அறியாமைக் காலத்தின் எச்சங்களாக எண்ணினார்கள்.

இந்த எல்லையை நாம் மீறும் இடம் திருமணப் பேச்சே. பிள்ளையின் தொழுகையையும் குணத்தையும் விசாரிக்கும் முன், “ராவுத்தரா, லெப்பையா, மரக்காயரா?” என்று விசாரிக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. பொருத்தம் (கஃபாஅத்) பார்ப்பது ஃபிக்ஹில் உள்ளதே என்று அவர்கள் நியாயம் கூறுவர். உள்ளதுதான். ஆனால் ராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் நூல்கள், வமிசவழிப் பொருத்தத்தை அரபுகளுக்கே உரியதாகக் கூறுகின்றன. அரபுகள் அல்லாதோரிடம் மார்க்கப் பேணுதல், வசதி, தொழில் போன்றவையே கவனிக்கப்படுகின்றன. தொழில் என்று அவை குறிப்பது இன்று மணமகன் செய்யும் தொழிலை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாட்டன் ஏறிய குதிரை அந்தக் கணக்கில் வராது. தாய்வழியில் குறைஷிக் குலத்தைச் சேர்ந்த ஸைனப் (ரலி) அவர்களை, விடுதலை பெற்ற அடிமையான அதே ஸைது (ரலி) அவர்களுக்கு மணமுடித்து வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள் என்பதை இத்தகைய பேச்சின்போது நினைவுகூர்வது நலம்.

நாம் செய்ய வேண்டியவை

இப்பெயரைப் பிள்ளைகளின் பெயரோடு மீண்டும் சேர்க்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இருக்கும் இடத்திலிருந்து அழிக்க வேண்டும் என்றும் கூறவில்லை. அதன் இடம் குடும்ப ஏட்டில் இருக்கட்டும். திருமணச் சந்தையில் அதற்கு வேலை இல்லை.

முதலாவதாக, ஒவ்வொரு குடும்பமும் நான்கு தலைமுறைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். பத்திரம், குடும்ப அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றில் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை அதனருகே குறித்துக்கொள்ள வேண்டும். பெண்களின் பெயர்களையும் விட்டுவிடலாகாது. தாய்வழி உறவைப் பேணுவதும் கடமையே.

இரண்டாவதாக, ஜமாஅத்துகள் பழைய நிகாஹ் பதிவேடுகளைக் காக்க வேண்டும். மணமகன், மணமகள், இருவரின் தந்தையர், வலீ, சாட்சிகள் ஆகிய அனைவரின் பெயரும் ஊரும் ஒரே பக்கத்தில் கிடைக்கும் ஆவணம் அது. பள்ளிவாசல் அலமாரிகளில் அவற்றைக் கரையான் தின்பதற்கு முன் படமெடுத்து வைப்பது சில நாள் வேலை. ஊர் இளைஞர்கள் இருவர் கைப்பேசியைக் கொண்டே அதைச் செய்துவிடலாம்.

மூன்றாவதாக, பிள்ளைகள் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். “உன் பாட்டனாரின் முன்னோர் குதிரையேறிய வீரராக இருந்திருக்கலாம், அல்லது அவர்களோடு வாழ்ந்து அப்பெயரைப் பெற்றவராக இருக்கலாம். அச்சொல்லை இந்நாட்டின் பல மதத்தவரும் தாங்குகின்றனர். அதனால் நீ எவரையும்விட உயர்ந்தவனும் அல்லன், தாழ்ந்தவனும் அல்லன்.” நமது மக்தப் மாணவனுக்கு நாம் அளித்த விடையும் இதுவே.

முன்னோரை அறிந்து உறவைப் பேணுவோராகவும், முன்னோரைக் கொண்டு பெருமையடிக்காதோராகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.